குடும்பத்தப் படிக்கிறதே ஒரு வேலையா? ஃபேமிலி ஸ்டடீஸ் பக்கம் வரப்போறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

பிஎச்டி சேரலாமான்னு யோசிக்கிறவங்க, சேந்துட்டு பாதியில முழிக்கிறவங்க, முடிச்சுட்டு வேலை தேடி அலுத்துப்போனவங்கன்னு எல்லாரும் சுத்தி சுத்தி அதே பத்துப் பதினைஞ்சு கேள்வியதான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி விரல் தேஞ்சுபோச்சு, அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதிடறேன். சில பதில் நீளமா போகும், சிலது ஒரே வரி, கண்டுக்காதீங்க.

குடும்பத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு? எல்லாருக்கும்தான் குடும்பம் இருக்கே?

அங்கதான் சிக்கலே. அணு இயற்பியல்னு சொன்னா எதிர்ல இருக்கறவரு வாயத் தொறக்க மாட்டாரு, குடும்பம்னு சொன்னதும் அவரே நிபுணர் ஆயிடுவாரு. ஆனா குடும்பத்துக்குள்ள இருக்கறவங்களுக்கே உள்ள நடக்கறது முழுசா தெரியாதுங்கறதுதான் இந்தத் துறையோட ஆரம்பம். 1979ல மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலின்னு ரெண்டு உளவியலாளர்கள் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா, வீட்டு வேலையில உங்க பங்கு எவ்வளவுன்னு கேட்டாங்க. ரெண்டு பதிலயும் கூட்டிப் பாத்தா பெரும்பாலான ஜோடிகளுக்கு மொத்தத்துக்கு மேல போயிடுச்சு. யாரும் பொய் சொல்லல, அவங்கவங்க செஞ்சது அவங்கவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அவ்வளவுதான். அப்ப ஒருத்தர மட்டும் கேட்டு எழுதின ஆராய்ச்சி எவ்வளவு தப்பாப் போகும்னு யோசிச்சுப் பாருங்க.

எர்னஸ்ட் பர்ஜஸ்னு சிகாகோ சமூகவியலாளர் ஒருத்தர் 1926லயே, குடும்பங்கறது சட்டமோ ஒப்பந்தமோ இல்ல, ஒண்ணோட ஒண்ணு உறவாடிக்கிட்டே இருக்கற ஆளுமைகளோட கூட்டுன்னு எழுதினாரு. இன்னைக்கும் நாங்க பண்றது பெரும்பாலும் அதத் தான்: தனி ஆள இல்ல, ஆளுக்கும் ஆளுக்கும் நடுவுல இருக்கறதப் படிக்கிறோம்.

இது எந்த டிபார்ட்மென்ட்ல இருக்கு? தேடித் தேடிப் பாத்தேன், வேலையே இல்லையே?

இந்த ஒரு கேள்விக்காகவே இவ்வளவையும் எழுத உக்காந்தேன்னு வெச்சுக்கோங்க. ஃபேமிலி ஸ்டடீஸ்னு போர்டு மாட்டின டிபார்ட்மென்ட் ரொம்பக் கம்மி. அந்தப் பேர மட்டும் போட்டுத் தேடிட்டு வேலையே இல்லன்னு உக்காந்து அழறவங்கள வருஷா வருஷம் பாக்கறேன். வேலை இருக்கு, வேற பேர்ல இருக்கு.

ஏன் இப்படி ஆச்சுன்னா அதுக்கு ஒரு கதை உண்டு. இந்தத் துறையோட பாட்டி வீடு ஹோம் சயின்ஸ். எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ்னு ஒரு வேதியியல் ஆள், 1899லேருந்து 1908 வரைக்கும் அமெரிக்காவுல லேக் ப்ளாசிட்ங்கற ஊர்ல வருஷாவருஷம் கூட்டம் போட்டு, வீட்ட நடத்தறதும் ஒரு அறிவியல்தான்னு ஹோம் எகனாமிக்ஸ, அதாவது நம்ம ஹோம் சயின்ஸ, நிலைநாட்டினாங்க. சமையல், தையல், சத்துணவு, குழந்தை வளர்ப்பு எல்லாம் ஒரே கூரைக்குள்ள. அதோட உச்சம் என்னன்னா கார்னெல் யூனிவர்சிட்டியில 1919லேருந்து 1969 வரைக்கும், அனாதை இல்லத்துலேருந்து நிஜக் குழந்தைங்கள கொண்டுவந்து, மாணவிகள் முறை வெச்சு மாறி மாறி வளர்த்துப் பழகினாங்க. பயிற்சிக் குழந்தைன்னே அதுக்குப் பேரு! அப்புறம் தத்து கொடுத்துடுவாங்க. இன்னைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டிகிட்ட இத எடுத்துட்டுப் போனாலும் வெளிய தள்ளிக் கதவச் சாத்திடுவாங்க. அதே 1969லதான் அத நடத்தின கார்னெல் காலேஜே ஹோம் எகனாமிக்ஸ்ங்கற பேர விட்டுட்டு ஹியூமன் எகாலஜின்னு மாத்திக்கிச்சு. அந்த மாதிரி நிறைய இடத்துல பேர் மாறிச்சு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பேர்.

அதனால இன்னைக்கு இந்த ஆராய்ச்சி சிதறிக் கெடக்கு. மனித வளர்ச்சி, ஹியூமன் எகாலஜி, ஹோம் சயின்ஸ், சோஷியாலஜி, சோஷியல் ஒர்க், வளர்ச்சி உளவியல், டெமோகிராஃபி (மக்கள்தொகை பத்தினது), பப்ளிக் ஹெல்த், நர்சிங், ஜெரன்டாலஜி (முதுமை பத்தினது), கல்வியியல், பாலினப் படிப்பு, சில இடத்துல சட்டம், எகனாமிக்ஸ் கூட. முதியவங்கள யாரு பாத்துக்கறாங்கன்னு படிக்கிறவங்க ஜெரன்டாலஜியிலயும், விவாகரத்தப் படிக்கிறவங்க சோஷியாலஜியிலயும், அப்பாக்கள் பத்திப் படிக்கிறவங்க வளர்ச்சி உளவியல்லயும் உக்காந்திருப்பாங்க. மூணு பேரும் ஒரே மாநாட்டுல சந்திச்சுப்பாங்க.

வேலை தேடறப்ப உங்க தலைப்பு, உங்க மெத்தட், நீங்க எடுக்கக்கூடிய பாடம் இந்த மூணையும் போட்டுத் தேடுங்க, துறை பேரக் கடைசியா போடுங்க. பேரண்டிங், முதுமை, குழந்தை நலம், உறவுகள், பராமரிப்பு, வீட்டு வன்முறை, புலம்பெயர்வு, இப்படி. அப்புறம் ஒரே சிவி எல்லா எடத்துக்கும் அனுப்பாதீங்க. சோஷியாலஜி டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பறதுல தியரி முன்னாடி வரணும், பப்ளிக் ஹெல்த்துக்கு டேட்டா முன்னாடி, சோஷியல் ஒர்க்குக்கு ஃபீல்டு அனுபவம் முன்னாடி. ஆள் அதே ஆள்தான், எந்தக் கதவத் தட்டறோம்னு தெரிஞ்சு தட்டணும்.

சைக்காலஜி முடிச்சிருக்கேன், ஃபேமிலி ஸ்டடீஸ் பிஎச்டி சேர முடியுமா?

தாராளமா. சோஷியல் ஒர்க், நர்சிங், எகனாமிக்ஸ், சட்டம்னு எங்கேருந்து வேணா வர்றாங்க. ஆனா சைக்காலஜியிலேருந்து வர்றவங்களுக்கு ஒரு பழக்கத்த உடைக்க வேண்டியிருக்கும், எதப் பாத்தாலும் தனி ஆளோட மனசுக்குள்ள காரணம் தேடறது. சோஷியாலஜியிலேருந்து வர்றவங்களுக்கு நேர் எதிர் வியாதி, எல்லாத்துக்கும் சமூக அமைப்புதான் காரணம்பாங்க. குடும்பம் நடுவுல இருக்கு.

நான் கவுன்சிலர் ஆகணும்னுதான் ஆசை, இந்தப் படிப்பு உதவுமா?

கவுன்சிலிங், தெரபி வேற பாதை, அதுக்குத் தனி பயிற்சி, தனி லைசென்ஸ், மேற்பார்வையில இத்தனை மணி நேரம்னு கணக்கு உண்டு. ஆராய்ச்சி பிஎச்டி முடிச்சதால மட்டும் அது கிடைக்காது. நடுவுல குடும்ப வாழ்க்கைக் கல்வின்னு இன்னொண்ணு இருக்கு, பிரச்சினை வர்றதுக்கு முன்னாடியே சொல்லிக் கொடுக்கறது. அமெரிக்காவுல 1938ல தொடங்கின நேஷனல் கவுன்சில் ஆன் ஃபேமிலி ரிலேஷன்ஸ்தான் அதுக்கு சான்றிதழ் தர்றாங்க, பத்து பாடப் பகுதி. யூனிவர்சிட்டி வேலைக்கு அது கட்டாயம் இல்ல, ஆனா டீச்சிங் அதிகமா இருக்கற காலேஜ்ல கொஞ்சம் கை கொடுக்கும்.

கைடு எப்படி தேர்ந்தெடுக்கறது?

பெரிய பேரப் பாக்காதீங்க. அவரோட பழைய மாணவர்கள் இப்ப எங்க இருக்காங்கன்னு பாருங்க, எத்தன வருஷத்துல முடிச்சாங்கன்னு பாருங்க, அவங்க பேப்பர்ல, அதாவது ஆய்வுக் கட்டுரையில, முதல் பேர் யாருதுன்னு பாருங்க. முக்கியமா, முடிக்காம போனவங்க யாராவது இருந்தா அவங்ககிட்டயும் பேசுங்க, அங்கதான் உண்மை கெடைக்கும். நான் இதெல்லாம் எதுவும் பாக்காம சேந்து, ரெண்டு வருஷம் எனக்கு சம்பந்தமே இல்லாத டேட்டாவ என்ட்ரி பண்ணிட்டிருந்தேன். அது தனிக் கதை.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னாலே பயம், தப்பிக்க வழி இருக்கா?

இருக்கு, ஆனா தப்பிக்காதீங்க.

குடும்ப டேட்டாவுல ஒரு விசேஷம் இருக்கு. சாதாரண புள்ளியியல் பாடத்துல, ஒவ்வொரு ஆளும் தனித்தனின்னு வெச்சுத்தான் கணக்கு போடச் சொல்லித் தர்றாங்க. புருஷன் பொண்டாட்டி எப்படி தனித்தனி ஆவாங்க? அவரு எரிச்சலா எழுந்தா இவங்களுக்கும் அந்த நாள் போச்சு. ஒரே வீட்டுல வளந்த ரெண்டு பிள்ளைங்களும் அப்படித்தான். அந்த ஒட்டுதல கணக்குல எடுத்துக்கலேன்னா பிழை அளவு தப்பா வந்து, இல்லாத தொடர்ப இருக்கறதா எழுதிடுவோம். அதுக்காகத்தான் ஜோடி டேட்டா மாடல், மல்டிலெவல் மாடல் (ஒரே வீட்டு ஆளுங்கள ஒரு குழுவா வெச்சுக் கணக்கு போடறது) எல்லாம். ஒருத்தரோட மன அழுத்தம் அவரையும் பாதிக்குதா, துணையையும் பாதிக்குதா, ரெண்டையும் ஒரே நேரத்துல பிரிச்சுப் பாக்கற மாடல் இந்தத் துறையில தினசரி சாப்பாடு மாதிரி. இத ஒழுங்கா கத்துக்கிட்டவங்களுக்கு எந்த டிபார்ட்மென்ட்லயும் எடம் கெடைக்கும், நான் மேல சொன்ன அந்தச் சிதறல் பிரச்சினைக்கு இதுதான் நல்ல மருந்து. உங்க தலைப்பு பிடிக்காத, வேலைக்கு ஆள் எடுக்கற கமிட்டிக்கும் மெத்தட் பாடம் எடுக்க ஆள் வேணும் பாருங்க.

அடுத்தது காலம். குடும்பம் மாறிக்கிட்டே இருக்கு, ஒரு நாள் எடுத்த சர்வே அந்த நாளோட ஃபோட்டோ, அவ்வளவுதான். அமெரிக்காவுல 1968ல கிட்டத்தட்ட 5,000 குடும்பத்தோட ஆரம்பிச்ச ஒரு வருமான ஆய்வு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, அந்த வீட்டுப் பிள்ளைங்க வளந்து தனியாப் போனா அவங்க குடும்பத்தயும் சேத்துப் பின்தொடர்றாங்க. பிரிட்டன்ல 2000லேருந்து 2002க்குள்ள பொறந்த சுமார் 19,000 குழந்தைகள இப்பவும் தொடர்றாங்க. ஜெர்மனியில 2008ல ஆரம்பிச்சு 2022 வரைக்கும் ஓடின பேர்ஃபாம்ங்கற குடும்ப ஆய்வுல துணையயும் சேத்துக் கேட்டாங்க. 1998லேருந்து 2000 வரைக்கும் அமெரிக்காவுல 20 நகரங்கள்ல பொறந்த கிட்டத்தட்ட 4,900 குழந்தைங்களோட ஆய்வு ஒண்ணு இருக்கு, அதுல முக்கால்வாசி கல்யாணம் ஆகாத பெற்றோருக்குப் பொறந்தவங்க. முன்னாடி அதுக்கு உடையக்கூடிய குடும்பங்கள்னு பேரு. குடும்பத்தப் பாத்து உடையக்கூடியதுன்னு சொல்றது சரியான்னு பல பேர் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, 2023ல பேர மாத்திட்டாங்க.

இதுல நிறைய டேட்டா விண்ணப்பிச்சா ஆராய்ச்சிக்குக் கெடைக்கும், காசில்லாத பிஎச்டி மாணவருக்கு அது வரம். அடுத்தவன் சேத்த டேட்டாவுல வேலை பாக்கறது மட்டம்னு யாராவது சொன்னா க்ளென் எல்டர் கதையச் சொல்லுங்க. ஓக்லண்ட்ல 1920, 21ல பொறந்த 167 பிள்ளைங்கள 1930கள்லேருந்து யாரோ பதிவு பண்ணி வெச்சிருந்தாங்க, வேற நோக்கத்துக்காக. பல வருஷம் கழிச்சு இவரு அந்தக் கோப்புகளத் தொறந்து, பொருளாதாரப் பெருமந்தம் ஒரு வீட்டுக்குள்ள புகுந்தா பிள்ளைங்களோட மீதி வாழ்க்கை எப்படிப் போகுதுன்னு கேட்டாரு. 1974ல அது புத்தகமா வந்து, வாழ்க்கைப் பாதை ஆய்வுன்னு ஒரு பெரிய கிளையே அதுலேருந்து வளந்துச்சு.

எண்ணே வேண்டாம், பேட்டி எடுத்துத்தான் செய்வேன்னா அதுவும் நல்ல வழிதான். ஆனா சுலப வழி இல்ல. நாப்பது பேட்டிய எழுத்தா மாத்தி, வரி வரியா கோட் பண்ணி (எது எதப் பத்திப் பேசுதுன்னு குறிச்சுப் பிரிச்சு) முடிக்கறதுக்குள்ள ரெக்ரஷன் கணக்கே பரவால்லன்னு தோணும்.

எங்க வீட்டுல நடந்ததுனாலதான் இந்தத் துறைக்கே வந்தேன். அதையே ஆராய்ச்சி ஆக்கலாமா?

முக்கால்வாசி பேர் அப்படித்தான் வர்றோம், வெளிய சொல்லிக்கறதில்ல. அப்பா விட்டுட்டுப் போனது, பாட்டியால வளந்தது, படுத்த படுக்கையா இருந்தவங்கள பாத்துக்கிட்டது, ஏதோ ஒண்ணு. அது உங்களுக்கு நல்ல கேள்வி தரும், மத்தவங்களுக்குத் தோணாத கேள்வி தரும். ஆனா பதிலயும் அதுவே தந்துடும், அங்கதான் ஆபத்து. விடை என்னன்னு ஏற்கெனவே தெரிஞ்சு ஆரம்பிக்கிற ஆராய்ச்சி, தீர்ப்ப எழுதி வெச்சுட்டு சாட்சியக் கூப்பிடறது மாதிரி.

நான் வெச்சிருக்கற சோதனை ஒண்ணு: நீங்க நெனச்சதுக்கு நேர் எதிரா டேட்டா வந்தா அத அப்படியே எழுதி வெளியிட மனசு வருமா? வரும்னா பண்ணுங்க. வராதுன்னா இன்னும் கொஞ்ச வருஷம் போகட்டும், இப்ப பக்கத்துல இருக்கற தலைப்பு ஒண்ண எடுங்க. என் மாணவி ஒருத்தி பெற்றோர் விவாகரத்தப் பத்தித்தான் பண்ணுவேன்னு நின்னா, அஞ்சாவது பேட்டியிலயே முடியலன்னு வந்துட்டா. கூடப்பொறந்தவங்க ஒருத்தருக்கொருத்தர் எப்படித் துணையா இருக்காங்கன்னு மாத்தினோம், பிரமாதமா முடிச்சா. அதுக்குள்ள விவாகரத்தும் வந்துச்சு, ஆனா பக்கவாட்டுல.

எதிக்ஸ் கமிட்டி ஏன் இவ்வளவு கெடுபிடி பண்றாங்க?

ஏன்னா குடும்பத்துல ரகசியம் ரெண்டு திசையில கசியும். வெளி ஆளுக்குத் தெரியக்கூடாதுங்கறது ஒண்ணு, அது எல்லா ஆராய்ச்சியிலயும் உண்டு. பக்கத்து ரூம்ல இருக்கற துணைக்கே தெரியக்கூடாதுங்கறது நமக்கு மட்டும் கூடுதலா. நாப்பது வயசு தச்சர், மூணு பொண்ணுன்னு பேர் இல்லாம எழுதினாலும் அவரு மனைவிக்குத் தெரியாதா? பேப்பர் வெளிவந்தப்புறம் அதப் படிச்சே ஒரு வீட்டுல சண்டை வரலாம். அதனால தம்பதிய தனித்தனியா பேட்டி எடுத்தா ரெண்டு பேர் சொன்னதயும் பக்கத்துல பக்கத்துல போட்டு எழுதறதுக்கு முன்னாடி பத்து தடவ யோசிக்கணும்.

இன்னொண்ணு, பேட்டி நடுவுல ஒரு குழந்தைக்கு ஆபத்துன்னு தெரியவந்தா என்ன பண்ணுவீங்க? பல நாட்டுல சட்டப்படி சொல்லியே ஆகணும். அத ஒப்புதல் படிவத்துலயே முன்கூட்டி எழுதியிருக்கணும், நடுவுல போய் கைடுக்கு ஃபோன் போடக்கூடாது. கமிட்டி இதக் கேக்கறப்ப எரிச்சலாத்தான் இருக்கும், ஒரு தடவ நெஜமா நடந்துச்சுன்னா அப்புறம் நீங்களே மத்தவங்களுக்குச் சொல்லுவீங்க.

க்ளாஸ் எடுக்கறது எப்படி இருக்கும்?

வேற எந்தப் பாடத்துலயும் க்ளாஸ் முடிஞ்சதும் கதவோரமா ஒரு பிள்ளை நின்னுக்கிட்டு, எல்லாரும் போனப்புறம் "ஒரு நிமிஷம் பேசலாமா"ன்னு கேக்காது. இங்க வாராவாரம் கேக்கும். வன்முறை பத்தி எடுக்கற வாரம், இழப்பு பத்தி எடுக்கற வாரம்னா கண்டிப்பா. நீங்க தெரபிஸ்ட் இல்ல, ஆனா கேக்காமலும் போக முடியாது. காது கொடுத்துக் கேட்டுட்டு சரியான எடத்துக்கு அனுப்பத் தெரியணும். இதுக்குன்னு நேரம் ஒதுக்கறத யாரும் உங்க வேலைப்பளுவுல எண்ண மாட்டாங்க. குறிப்பா பெண் ஆசிரியர்கள்கிட்டதான் பிள்ளைங்க அதிகமா வருது, ஆனா ப்ரமோஷன் ஃபைல்ல அதுக்குன்னு ஒரு கட்டம் கிடையாது.

நான் பண்ணின முட்டாள்தனம் ஒண்ணு சொல்றேன். முதல் வருஷம் எல்லார்கிட்டயும் மூணு தலைமுறை குடும்ப வரைபடம் போட்டுட்டு வாங்கன்னு அசைன்மென்ட் குடுத்தேன், எல்லா பாடப்புத்தகத்துலயும் இருக்கற சாதாரண பயிற்சிதான். ஒரு பையன் வெறும் தாள நீட்டினான், நடுவுல ஒரே ஒரு வட்டம். இல்லத்துல வளந்த பிள்ளை. அன்னையிலேருந்து, சொந்தக் குடும்பமோ ஏதாவது கதையில வர்ற குடும்பமோ எதுவேணா போடலாம், ரெண்டுக்கும் ஒரே மார்க், ஏன் அதப் போட்டீங்கன்னு காரணமும் சொல்ல வேண்டாம்னு மாத்திட்டேன்.

எத்தனை பேப்பர் இருந்தா வேலை கெடைக்கும்?

நம்பர் சொல்ல மாட்டேன், சொன்னா அதையே புடிச்சுக்குவீங்க. உங்கள எடுக்கப்போற மாதிரி டிபார்ட்மென்ட்ல கடைசி மூணு நாலு வருஷத்துல சேந்தவங்க சிவிய எடுத்துப் பாருங்க, அதுதான் உண்மையான அளவு. ஜர்னல்ல, ஜர்னல் ஆஃப் மேரேஜ் அண்ட் ஃபேமிலி 1939லேருந்து வருது, பத்து வருஷத்துக்கு ஒருதடவ அந்தப் பத்து வருஷ ஆராய்ச்சியெல்லாம் தொகுத்து சிறப்புக் கட்டுரைகள் போடுவாங்க, புதுசா வர்றவங்க மொதல்ல அதப் படிங்க, பாதி பாடத்திட்டம் அதுலயே இருக்கு. நடைமுறைப் பக்கம் சாஞ்ச பேப்பர்னா ஃபேமிலி ரிலேஷன்ஸ்ங்கற ஜர்னல். காசு கேட்டு மெயில் அனுப்பி ஒரே வாரத்துல போடறேன்னு சொல்ற ஜர்னல் பக்கம் தல வெச்சே படுக்காதீங்க.

ரிஜெக்ட் ஆகும். எல்லாருக்கும் ஆகும்.

வேலை நிரந்தரமா?

ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு மாதிரி. வட அமெரிக்காவுல டென்யூர் பாதையில சேந்தா பொதுவா ஆறு வருஷம் கழிச்சு மதிப்பீடு, பாஸானா நிரந்தரம், இல்லேன்னா மூட்டையக் கட்டணும். பல எடத்துல இப்ப ஒப்பந்த வேலைதான் அதிகம், ஒரு செமஸ்டருக்கு இத்தன பாடம்னு. ஆராய்ச்சி மையத்துல இருந்தா சம்பளமே ப்ராஜெக்ட் ஃபண்டிங்ல வரும், ஃபண்டிங் நின்னா ஆளும் நிக்கணும். சேர்றதுக்கு முன்னாடி என் சம்பளம் எந்தக் கணக்குலேருந்து வருதுன்னு கேளுங்க, கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க.

குடும்பத்தப் படிக்கிறவங்களுக்காவது குடும்ப வாழ்க்கை நல்லா இருக்குமா?

சிரிப்பு வருது. வேலை–குடும்ப சமநிலை பத்தி பேப்பர் எழுதறவங்க அத ராத்திரி ஒரு மணிக்கு எழுதறாங்க. ரெண்டு பேரும் யூனிவர்சிட்டி ஆளா இருந்தா ஒரே ஊர்ல வேலை கெடைக்கறது குதிரைக் கொம்பு, ஒருத்தர் விட்டுக் கொடுக்கணும், யாரு விட்டுக் கொடுக்கறாங்கன்னு நம்ம பேப்பர்லயே எழுதி வெச்சிருக்கோம்.

ஒரு நல்ல பாடம் 2018ல ஒரு ஆய்வுல வந்துச்சு. குழந்தை பொறந்தா டென்யூர் கெடுவ ஒரு வருஷம் தள்ளிவைக்கலாம்னு அமெரிக்காவுல பல யூனிவர்சிட்டி அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் பொதுவா சலுகை குடுத்தாங்க, நியாயமாத்தானே தெரியுது? பெரிய எகனாமிக்ஸ் டிபார்ட்மென்ட்கள மட்டும் எடுத்துப் பாத்தாங்க, அந்தச் சலுகை வந்தப்புறம் ஆண்களுக்கு டென்யூர் கெடைக்கறது கூடிச்சு, பெண்களுக்குக் கொறஞ்சுச்சு. அந்தக் கூடுதல் வருஷத்துல ஆண்கள் முன்னணி ஜர்னல்கள்ல அதிகமா பேப்பர் போட்டிருக்காங்க, பெண்களுக்கு அப்படிக் கூடல. சமமான விதி சமமில்லாத வீட்டுக்குள்ள நுழைஞ்சா என்ன ஆகும்ங்கறதுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்குக் கெடைக்கல, ஒவ்வொரு வருஷமும் க்ளாஸ்ல சொல்றேன். வேலை ஒப்புக்கறதுக்கு முன்னாடி விடுப்பு விதிய எழுத்துல வாங்குங்க, "அதெல்லாம் பாத்துக்கலாம்"ங்கற பதில பதிலா எடுத்துக்காதீங்க.

ஆண்கள் இந்தத் துறைக்கு வரலாமா?

வாங்க. கொஞ்சம் பேர்தான் இருக்கீங்க.

யூனிவர்சிட்டி வேலை கெடைக்கலேன்னா?

புள்ளியியல் அலுவலகம், குழந்தை நல அமைப்பு, ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவு, கொள்கை ஆய்வு நிறுவனம், திட்டங்கள் வேலை செய்யுதான்னு மதிப்பீடு பண்ற கம்பெனி. சர்வே வடிவமைக்கத் தெரிஞ்ச, பேட்டி எடுக்கத் தெரிஞ்ச ஆளுக்கு தேவை இருக்கு. ஆனா அங்க எண்பது பக்க அறிக்கைய யாரும் படிக்க மாட்டாங்க, ரெண்டு பக்கத்துல சொல்லப் பழகணும். அத பிஎச்டி நடுவுலயே பழகிக்கோங்க.

முப்பத்தெட்டு வயசு ஆச்சு, ரெண்டு குழந்தை, இப்ப பிஎச்டி சேந்தா லேட்டா?

வேலை சந்தைக்கு வர்றப்ப நாப்பத்தி நாலு, அஞ்சு ஆகும், அத மறைச்சுப் பிரயோஜனம் இல்ல. சில எடத்துல சேர்றதுக்கே வயசு வரம்பு இருக்கும், மொதல்ல அதப் பாத்துடுங்க. மத்தபடி பேட்டி எடுக்கப் போறப்ப உங்க வயசு ஒரு சொத்து. இருவத்தி நாலு வயசுல நான் போய் ஒரு அம்மாகிட்ட பதின்ம வயசுப் பொண்ண வளக்கறதப் பத்திக் கேட்டப்ப அவங்க என்னைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு இன்னும் ரெக்கார்டர்ல இருக்கு.

சொந்தக்காரங்க என்ன படிக்கிறேன்னு கேட்டா என்ன சொல்றது?

ஆராய்ச்சின்னு மட்டும் சொல்லிட்டுப் பேச்ச மாத்திடுங்க. நான் ஒரு தடவ விவரமா, குடும்பத்துக்குள்ள வர்ற மோதல்களப் பத்திப் படிக்கிறேன்னு சொல்லிட்டேன். அடுத்த அரை மணி நேரத்துல மூணு பேர் தனித்தனியா என்ன ஓரமாக் கூட்டிட்டுப் போய், ஒரே சண்டைய மூணு விதமாச் சொல்லி, யார் பக்கம் நியாயம்னு நீயே சொல்லுன்னு நின்னாங்க.